வருந்தத்தக்க சம்பவம்

ஆவாரம் பள்ளிக்கூடமா? இதுதான், தம்பி. அந்தப் பச்சை கேட். ஆனால் பத்து மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியாட்கள் வந்து பார்க்கப் புதன்கிழமை பத்து மணி. இன்னும் முக்கால் மணி நேரம் கிடக்கிறது. உட்காருங்கள். பாப்பாவையும் நிழலில் உட்கார வையுங்கள். பேர் என்ன? நறுமுகையா? நல்ல பேர்.

சேர்க்க வந்தீர்களா, சும்மா பார்க்கவா? பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று. சரி. எல்லோரும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் அந்த மினி பஸ்ஸிலிருந்து இறங்குகிறார்கள். உள்ளே போனால் முடிந்தது. மரத்தடி, ஊஞ்சல், மண்பானைத் தண்ணீர். பிள்ளைகள் யாருக்கும் பயப்படாமல் முகத்தைப் பார்த்துப் பேசும். மனசு இளகிவிடும். எனக்கும் இளகியது. அதனால்தான் சொல்கிறேன்.

நான் உள்ளே வர மாட்டேன். எனக்குத் தடை இருக்கிறது. என்ன தடை என்கிறீர்களா? அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

சூசைமாணிக்கம் என்று என் பேரைச் சொல்லித் திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்புக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய ஆளாகப் பார்த்துக் கேட்கணும். இப்போது இருப்பவன்களுக்கு எட்டு மணி நேர வேலையும் ரப்பர் பூட்ஸும் வானத்திலிருந்து விழுந்தது என்று நினைப்பு. சுண்ணாம்புக் குழிக்குள் வெறுங்காலோடு நின்ற ஆட்கள் நாங்கள். இந்தக் கையைப் பாருங்கள். தோலை ஊறவைக்கிற ஆவாரம்பட்டைத் தண்ணீர் ஏறிய கறை, இருபது வருஷமாகியும் போகவில்லை. இவர்களுக்கு ஆவாரம் என்றால் மஞ்சள் பூ. பள்ளிக்கூடத்துக்குப் பேர் வைக்கிறார்கள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. வாத்தியார் என்னை வாசல் பக்கத்தில் தனியாக உட்கார வைப்பார். பக்கத்தில் வர மாட்டார், பிரம்பு மட்டும் வரும். நீளமான பிரம்பு. அதோடு சரி. பத்தொன்பதாவது வயதில், சங்கத்து நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு தாளை எடுத்து என் மூஞ்சிக்கு முன்னால் பிடித்து, “இதுல என்னடா எழுதியிருக்கு?” என்றான். எனக்குத் தெரியாது. ஸ்டேஷனே சிரித்தது, தம்பி. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

பதினேழு நாள் ரிமாண்டு. கூட இருந்த ஒரு தோழர் அதே நோட்டீசை வைத்து எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். நீங்கள் எல்லாம் அம்மா, ஆடு என்று ஆரம்பித்திருப்பீர்கள். நான் முதன்முதலில் வாசித்த சொல் ‘முதலாளிகளே’. அதற்கப்புறம் வாசித்தது எல்லாம் நாலு பக்கம், எட்டுப் பக்கம். தடிப் புத்தகம் எனக்கு ஒத்துவராது. எட்டுப் பக்கத்தில் சொல்ல முடியாத விஷயம் எதுவும் உலகத்தில் இல்லை. நானே எழுதியது நூறுக்கு மேல் இருக்கும். சம்பளப் பதிவேட்டில் கைநாட்டு வைக்க மாட்டோம், எல்லோரும் கையெழுத்துப் போடுவோம் என்று ஒரு இயக்கம் நடத்தினோமே, அந்த நோட்டீஸ் என்னுடையது.

கல்யாணம் நாற்பத்தைந்து வயதில். கிளாரா பிறக்கும்போது எனக்கு நாற்பத்தொன்பது. ஒரே பிள்ளை. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில்தான் ஒன்றாம் வகுப்பு போட்டேன். ரெண்டாவது மாசம் டீச்சர் ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்துவிட்டாள். வீங்கியிருந்தது. நான் சும்மா இருப்பேனா? மூன்று நாள் பள்ளிக்கூட வாசலில் தர்ணா. ‘பிஞ்சு விரலை அடித்த பிற்போக்கே’ என்று நோட்டீஸ். டீச்சரை மாற்றிவிட்டார்கள். முழு வெற்றி. அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் என் மகள்மேல் கை வைக்கவில்லை. அவள் நோட்டிலும் கை வைக்கவில்லை. வருஷம் பூரா அந்த நோட்டில் சிவப்பு மை படவே இல்லை. என் வீட்டுக்காரி ஞானம், பூ மார்க்கெட்டில் பூக் கட்டுகிறவள், அவள் சொன்னாள்: “உங்க தர்ணாவுக்குப் பயந்துக்கிட்டு புள்ளைய எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்குறாங்க. கடைசி பெஞ்சில பொம்ம மாதிரி உக்காந்துட்டு வருது.” ஒரு வெற்றி கிடைத்தால் கொண்டாடத் தெரியாது அவளுக்கு.

அப்போதுதான் சசிதரன் என்று ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் இங்கே இடம் எடுத்து இந்தப் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தார்கள். பிரம்பு கிடையாது, பரீட்சை கிடையாது. எதைப் படிப்பது, எப்போது படிப்பது, எல்லாம் பிள்ளையின் முடிவு. புதன்கிழமை சாயங்காலம் ‘வட்டம்’ என்று கூடுவார்கள். அதில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு, சசிதரனுக்கும் ஒரு ஓட்டு. கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதற்குத்தானே இவ்வளவு காலம் கத்தினோம்! திறப்பு விழாவில் நான்தான் பேசினேன். நோட்டீசும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். ‘பிரம்பில்லாத பள்ளி, பயமில்லாத பிள்ளை.’ நாலு பக்கம். ‘எழுத்து, பசியைப் போலத் தானாக வரும், திணிக்காதே’ என்று ரெண்டாம் பக்கத்தில் கட்டம் போட்டு. அதை நம்பிப் பதினாறு தோல் ஷாப்பு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தன. சசிதரன் வார்த்தைக்கு இல்லை, தம்பி. என் வார்த்தைக்கு.

ரெண்டாவது வருஷம் மிக்கேல் வந்தான். கூடவே குழியில் நின்றவன். “அண்ணே, பெரியவளுக்கு எட்டு வயசாச்சு. இன்னும் எழுத்துக் கூட்ட வரல. நான் கான்வென்ட்டுல போட்டுர்றேன்” என்றான். நான் அவனைக் கருங்காலி என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும்தான். பதினாறு பேர் சேர்ந்து எடுத்த முடிவிலிருந்து ஒருத்தன் கழன்றுகொண்டால் அதற்கு வேறு என்ன பேர்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

கிளாராவுக்கா? அவளுக்கும் அப்போது எட்டு வயது. இல்லை, தெரியாது. ஆனால் வேறு எவ்வளவோ தெரியும். நண்டு பிடிப்பாள். கிணற்று மோட்டார் கழற்றுவாள். எந்தச் செடிக்கு என்ன பூச்சி வரும் என்று சொல்வாள். ஞானம் ஒரு சிலேட்டு வாங்கிவந்து சாயங்காலம் ஆனா, ஆவன்னா போட்டுக் காட்டினாள். நான் அந்தச் சிலேட்டை எடுத்துப் பரண்மேல் போட்டேன். ரெண்டாம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிவிட்டு, வீட்டில் திணிக்கலாமா? அதற்குப் பேர் கட்டுப்பாடு. ஞானம் அன்றைக்குக் கேட்டாள், “ஒரு காலத்துல ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் கையெழுத்துப் போடக் கத்துக் குடுத்தீங்க. உங்க புள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” கட்டுப்பாடு என்றால் என்ன என்று அவளுக்குப் புரியாது.

ஒன்பது வயது. பத்து வயது. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. வரும், வரும் என்றார் சசிதரன். வரும் என்றுதான் நானும் சொன்னேன்.

போன மார்கழியில் நல வாரிய ஆபீசுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். படிக்கிற பிள்ளைகளுக்கு உதவி என்று ஒரு படிவம். வரிசையில் முழுக்க எங்கள் ஆட்கள். மிக்கேலும் நின்றான். ‘மாணவர் கையொப்பம்’ என்று ஒரு இடம். மேஜையில் இருந்த அம்மா பேனாவைக் கொடுத்து, “இங்க போடு கண்ணு” என்றாள். கிளாரா ஒரு நண்டு வரைந்தாள். ரெண்டு கொடுக்கு, எட்டுக் கால். வெகு அழகாக, சாவகாசமாக வரைந்தாள். “எங்க வட்டத்துல இதுதான் என் கையெழுத்து” என்றாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அதைச் சொல்லணும். பொறுமையாக மை டப்பாவை எடுத்துத் திறந்து, “சரி, பெருவிரலக் குடு” என்றாள்.

கைநாட்டு, தம்பி. சூசைமாணிக்கத்தின் மகள். நான் மிக்கேலைத் திரும்பிப் பார்த்தேன். அவன் பார்க்காத மாதிரி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

கை நீண்டுவிட்டது.

ஒரு தடவை. ரெண்டு தடவையாக இருக்கலாம். மையோடு இருந்த விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் நீல ரேகை. அழவில்லை.

அடுத்த புதன்கிழமை நேராக இங்கே வந்தேன். சசிதரனிடம், “தினமும் ஒரு மணி நேரம் எழுத்துப் பாடம், கட்டாயமாக” என்றேன். அவர் அந்தச் சாந்தமான முகத்தை வைத்துக்கொண்டு, “அவள் கேட்டால் நாளைக்கே ஆரம்பிக்கலாம், தோழர். அவள் இன்னும் கேட்கவில்லை” என்றார். “நான் கேட்கிறேன்” என்றேன். “அப்படியானால் வட்டத்தில் கேளுங்கள்” என்றார். கேட்க மாட்டேனா? ஆயிரம் பேர் முன்னால் வாயிற்கூட்டம் பேசியவன் நான்.

அன்றைக்குத் தலைவர் ஒரு ஒன்பது வயதுப் பெண் குழந்தை. முன்பல் இல்லை. கையில் மாட்டுமணி. எனக்கு மூன்று நிமிஷம் என்றது. நான் கல்வியின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன். இன்ஸ்பெக்டர் விஷயத்துக்குக்கூட வரவில்லை, மணி அடித்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. மறுபடி அடித்தது.

“தாத்தா, மணி அடிச்சாச்சு. உக்காருங்க.”

“அது தாத்தா இல்ல. எங்கப்பா” என்றாள் கிளாரா. கோபமாகத்தான் சொன்னாள். எனக்காக வந்த கோபம், தம்பி. நான் கவனித்தேன்.

அப்புறம் அவள் கை தூக்கினாள். எழுந்து நின்று, “எங்கப்பா என்ன அடிச்சாரு. ஆபீசுல. எல்லாரும் பாத்தாங்க” என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

பல் இல்லாதது என்னைப் பார்த்தது. “அடிச்சீங்களா?”

“அன்னைக்கு இருந்த சூழ்நிலையப் பாக்கணும்மா...”

“ஆமாவா, இல்லையா?”

நிர்வாகம் உள்விசாரணை நடத்தும்போது இப்படித்தான் கேட்பான். ஆமாவா, இல்லையா. எத்தனை விசாரணை பார்த்திருக்கிறேன்! ஒரு தடவைகூட அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை. எங்கள் ஆட்களையும் சொல்ல விட்டதில்லை. “இந்த விசாரணையை நான் அங்கீகரிக்கவில்லை” என்று சொல்லி வெளிநடப்பு செய்தேன். கிளாராவைப் பார்த்து, “வா” என்று ஒரு சைகை காட்டிவிட்டு நடந்தேன். கேட்டுக்கு வெளியே வந்துதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் வரவில்லை.

பிள்ளையை அடித்தவர் யாராக இருந்தாலும் உள்ளே வரக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதி. அடிபட்ட பிள்ளைக்கு முன்னால் வட்டத்தில் நின்று, ‘நான் அடித்தேன், அது தப்பு’ என்று சொன்னால் தடை போய்விடும். அந்த விதியை என்மேல் போடச் சொன்னது என் மகள். மொத்த வட்டமும் கை தூக்கியதாம். அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு வரவில்லை. இங்கேயே தங்குகிற பிள்ளைகளுக்கு நாலு அறை இருக்கிறது, அதில் இருக்கிறாள். ஞானம் துணிமணி கொண்டுவந்து கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை.

ரெண்டு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. தம்பி, ஒரு சமயம் எங்களில் ஒன்பது பேரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். எட்டுப் பேர் கொடுத்தார்கள். நான் கொடுக்கவில்லை. பதினோரு மாசம் கூழ் குடித்தேன். அப்படிப்பட்டவனை ஒரு மாட்டுமணிக்கு முன்னால் நிறுத்தினால்?

ஆனாலும் நான் கல் இல்லை. ஆறு மாசம் பார்த்தேன். வைகாசியில் ஒரு கடிதம் எழுதினேன். நாலு பக்கம். ‘அன்பு மகள் கிளாராவுக்கு’ என்று ஆரம்பித்து, என் வாழ்க்கை, போராட்டம், எழுத்துக் கற்ற விதம், எல்லாம். மூன்றாம் பக்கத்தில், ‘அன்றைய தினம் அலுவலகத்தில் நடந்தது ஒரு வருந்தத்தக்க சம்பவம்’ என்றும் எழுதியிருந்தேன். எவ்வளவு இறங்கி வந்திருக்கிறேன் பாருங்கள். சர்க்கார் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கே அந்தச் சொல்லைப் போடாது.

ஞானம்தான் கொண்டுபோனாள். அவள் வந்து சொன்னதைச் சொல்கிறேன். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதே, சசிதரன் வாசித்துக் காட்டியிருக்கிறார். கேட்டுவிட்டு, “அவ்வளவுதானா? எதையோ விட்டுட்டீங்க” என்றாளாம். இல்லையம்மா, முழுசும் வாசித்தேன் என்றாராம். நம்பவில்லை. இங்கே சமையல் செய்கிற பாக்கியத்திடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அதிலும் திருப்தி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானத்திடம் கொடுத்தாளாம். ஞானம் எட்டாவது படித்தவள், நன்றாக வாசிப்பாள். வாசித்து முடித்ததும் பிள்ளை அழுதுவிட்டாளாம். “நீயும் அத விட்டுட்டே வாசிக்கிறம்மா. அப்பா எழுதியிருப்பாரு. எல்லாரும் சேந்து மறைக்கிறீங்க.”

என்மேல் எவ்வளவு நம்பிக்கை! மூன்று பேர் சொல்லியும் நம்பவில்லை. அப்பன் எழுதியிருப்பான் என்று நிற்கிறாள்.

மறுநாள் சசிதரனிடம் போய், “எனக்கு வாசிக்கச் சொல்லிக் குடுங்க” என்று கேட்டாளாம். ஏழு வருஷமாகக் கேட்காதவள். ஏழே வாரம், தம்பி. காலையிலும் அதுதான், சாப்பிடும்போதும் அதுதான். ஆவணியில் ஒருநாள், தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, விரலை வைத்து வைத்து, நாலு பக்கத்தையும் தானாக வாசித்திருக்கிறாள். மத்தியானம் ஏறியவள் பொழுது சாயும்போது இறங்கினாளாம். என்ன சொன்னாள் என்று ஞானத்திடம் கேட்டேன். “மடிச்சு என் கையில குடுத்தா” என்றாள். கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, ஞானம் நாலு நாள் என்னோடு பேசவில்லை. இப்போதும் அவசியத்துக்குத்தான் பேசுகிறாள்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அவளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தது யார்? இவர்களா? ஏழு வருஷம் ஊஞ்சல் ஆட்டியவர்களா? என் கடிதம். என்னுடைய நாலு பக்கம். சசிதரன் பார்க்கிறவர்களிடமெல்லாம், ‘பிள்ளைக்குத் தேவை வந்தால் ஏழு வாரம் போதும்’ என்று இதைத்தான் உதாரணம் காட்டுகிறாராம். இன்றைக்கு உங்களிடமும் சொல்வார். அந்தத் தேவையை அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

அதோ, கேட்டில் ஒரு அட்டை தொங்குகிறதே, வரும்போது வாசித்தீர்களா? அவள் எழுதியது. ‘சூசைமாணிக்கம் என்னை அடித்தார். அதை அவர் இன்னும் சொல்லவில்லை. சொல்லும்வரை உள்ளே வரக் கூடாது. கிளாரா.’ நாலே வரி. ஒரு சொல் கூடுதல் இல்லை. பேர் இருக்கிறது, குற்றச்சாட்டு இருக்கிறது, கோரிக்கை இருக்கிறது, கீழே கையெழுத்து. நாற்பது வருஷத்தில் நான் இவ்வளவு சுத்தமாக ஒரு நோட்டீஸ் எழுதியதில்லை. ரத்தம், தம்பி. எங்கே போகும்?

இல்லை, அவளைப் பார்க்க நான் வரவில்லை. உங்களை மாதிரி வருகிறவர்களிடம் பேசத்தான் ஒவ்வொரு புதன்கிழமையும் வந்து உட்காருகிறேன். இது மறியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் மறியல்.

கேட் திறக்கிறார்கள். போங்கள். நோட்டை வைத்துக்கொண்டு நிற்கிறாளே, ரெட்டைச் சடை, அவள்தான். புதன்கிழமை வாசல் முறை அவளுக்கு. கேட்டு வாங்கிக்கொண்டாளாம். உங்கள் பேரைக் கேட்டு அவளே எழுதுவாள். மெதுவாகத்தான் எழுதுவாள், அவசரப்படுத்தாதீர்கள். இந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். நானும் கூப்பிட மாட்டேன்.

எழுதி முடித்ததும் உங்களிடம் ஒன்று கேட்பாள். வருகிற எல்லோரிடமும் கேட்கிறாளாம், போன வாரம் வந்தவர் திரும்பும்போது சொன்னார். “வெளிய உக்காந்திருக்காரே, அவரு ஏதாவது சொன்னாரா?”

நிறையப் பேசினார் என்று சொல்லுங்கள்.